போறேன் என்று சொல்லப் பழகினோம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, பெரிய அத்தை, உன் தம்பி, அவன் பெண்டாட்டி எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் மேஸ்திரியும் தலைவலி காய்ச்சல் என்று இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. நேற்றுக் காலை போனில் நீ "நாங்களும் கப்பலுக்கு வர்றோம்ப்பா" என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் முன்கட்டுத் தையல் கடைக்குப் போய் ஒரு பேண்ட் துணியை அரை அங்குலம் குறைவாக வெட்டிவிட்டேன், அதற்கும் கோபம் வரவில்லை, மடிப்பில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விசிலடித்துக்கொண்டிருந்தேன், பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அம்மா என்னண்ணே லாட்டரி விழுந்துடுச்சா என்று கேட்டார். எல்லாவற்றையும் போனில் சொல்ல முடியாது. உன் பக்கத்தில் மேஸ்திரி நிற்பான், என் பக்கத்தில் உன் அம்மா நிற்பாள், நான் பாதியில் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால்தான் கடிதம்.

மூன்று தலைமுறையும் ஒன்றாக ஐந்து நாள் கப்பலில் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் மாப்பிள்ளைதான். ஹோட்டல் ஹோட்டலாக மாறினால் மேஸ்திரிக்குத் தாங்காது, கப்பலில் ஊர்தான் மாறும், அறையும் கட்டிலும் மாறாது என்று அவர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. பெரிய அத்தைக்கும் எழுபத்தெட்டு வயதில், கரையே தெரியாத இடத்தில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிறகு இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று நீ, "நீங்க எல்லாரும் போங்கப்பா, நாங்க இன்னொரு தடவை பாத்துக்கறோம்" என்று சொன்னாய். சரிம்மா, உன் சௌகரியம் என்று சொல்லி வைத்தேன். காரணம் நான்தான் என்று உள்ளுக்குள் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் நானும் அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தப் பெரிய கடையில் அவன் தரையில் படுத்துக் கத்தினானே, அப்போது அத்தனை பேர் முன்னாலும் "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே, ரெண்டு போட்டா அடங்குவான்" என்று சொன்னவன் நான். அவனுக்கு அப்போது ஆறு வயது. நீ குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டாய். அதற்கப்புறம் நீங்கள் இங்கே வரவும் இல்லை, எங்களை அங்கே வரச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. பேரனுக்கு என்னைப் பிடிக்காது, மகள் என்னை மன்னிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, அதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மூன்று வருடம் ஓட்டினேன்.

நீ வேண்டாம் என்றதற்கு அடுத்த திங்கட்கிழமை உங்கள் மூன்று பேர் பெயரையும் எடுத்துவிடச் சொல்வதற்காக டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். பதிவு முழுக்க என் பெயரில் இருப்பதால் நான் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்களாம். கவுண்டரில் இருந்த பெண் பைலைத் திறந்து, ஒரு தடவை சரிபாத்துக்குங்க சார் என்று தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் கப்பல்காரர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு மாப்பிள்ளை ஆரம்பத்திலேயே நிரப்பிக் கொடுத்த படிவம் இருந்தது. குழந்தைக்கு ஆட்டிசம் என்று முதல் வரி. எந்தச் சத்தம் ஆகாது, எதைத் தொட்டால் பிடிக்காது, என்ன சாப்பிடுவான் எல்லாம் அவருடைய சுத்தமான கையெழுத்தில். குழந்தையிடம் பேசும்போது கவனிக்க வேண்டியது என்ற இடத்தில் இப்படி இருந்தது. "திரும்பி வருவதாக இருந்தால் மட்டும் வரேன் என்று சொல்லவும். அவனுடைய தாத்தா ஊருக்குப் புறப்படும்போது போயிட்டு வரேன் என்று சொன்னதை நம்பி, செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஒன்பது நாள் காத்திருந்தான், தாத்தாமேல் அவனுக்கு மிகவும் பிரியம்." அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது, அந்தப் பெண் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிடிக்காத ஆளுக்காக யாராவது ஒன்பது நாள் வாசலில் உட்காருவார்களா அம்மாடி? நான் கையெழுத்துப் போடவில்லை, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றே மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போன் போட்டேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர் சொல்லியிருக்க மாட்டார், அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே. நீ வேண்டாம் என்றதன் காரணத்தை அவர்தான் எடுத்துச் சொன்னார். ஐந்து நாளும் ஆளுக்கு ஆள் இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு எங்கேயாவது போவார்கள், "கடைசி நாள் துறைமுகத்துல அஞ்சு பேரும் ஒரே சமயத்துல போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புவீங்க மாமா, அப்புறம் அவன் அஞ்சு பேருக்காகக் காத்திருப்பான், அதை நெனச்சுத்தான் அவ பயந்துட்டா" என்றார். கேட்டதும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய பாறாங்கல் ஒன்றை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. நம் வீட்டில் யார் போறேன் என்றாலும் பாய்ந்து போய்த் திருத்துகிறவன் நான். நீ ஸ்கூலுக்குப் போறேன் என்று தெருவிலிருந்து கத்தினால் திரும்ப உள்ளே வரவழைத்து, போயிட்டு வரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன், ஒரு தடவை பஸ்ஸைக்கூடத் தவற விட்டாய். அப்படிப்பட்டவனுடைய பேரனுக்கு அதே சொல்தான் ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வெட்டு மேஜையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் போகிறவர்கள் போறேன் என்றுதான் சொல்ல வேண்டும், திரும்பி வருவதாக இருந்தால் எத்தனை மணிக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கப்பலேறுவதற்குள் நாக்கு பழக வேண்டும் என்றேன். தம்பி தலையாட்டினான். பெரிய அத்தை தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எழுபத்தெட்டு வயசுல என் வாயால போறேன்னு சொல்லச் சொல்றியேடா, மேல இருக்கறவன் காதுல விழுந்து, சரி வான்னுட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை, எழுந்து அறைக்குப் போய்விட்டாள், போகும்போது ஒன்றும் சொல்லாமலே போனாள். மறுநாள் காலையில் என் காப்பியை வாங்கித் தான் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "மொட்டையா போறேன்னாத்தானே தப்பு? எங்கன்னு முன்னாடி சேத்துக்கிட்டா மேல இருக்கறவனுக்கும் குழப்பம் இல்ல, புள்ளைக்கும் குழப்பம் இல்ல." அன்றிலிருந்து நாங்கள் என்ன அவஸ்தைப்பட்டோம் என்று கேட்காதே. அத்தை குளிக்கப் போறேன், இருபது நிமிஷத்துல வரேன் என்று அறிவித்துவிட்டுப் போய், பத்தொன்பதாவது நிமிடம் உள்ளேயிருந்து வந்துட்டேன் வந்துட்டேன் என்று கத்துகிறாள். தம்பி ஆறரைக்கு வரேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வந்தால் வாசலில் தடியோடு நிற்கிறாள். எனக்கும் கடையில் பிழைப்பு கெட்டது, முப்பத்தெட்டு வருடமாக நாளைக்கு வாங்க ரெடியா இருக்கும் என்று சொல்லியே காலம் தள்ளியவன், ஒருவரிடம் வியாழக்கிழமை அஞ்சு மணி என்று சொல்லி அஞ்சு மணிக்கே சட்டையை நீட்டினேன், மாஸ்டர் உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம், தோற்றுவிட்டால் உனக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாமே என்றுதான். நீங்கள் வீடியோவில் பேசுகிற நாலு மணிக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போன் முன்னால் தயாராக உட்கார்ந்தேன். அவன் வழக்கம்போல் பாட்டில் மூடிகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தான், ஒன்று கோணலானாலும் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து வைக்கிறவனை மேஸ்திரி என்று கூப்பிடாமல் வேறென்ன சொல்வது. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கிற நேரத்தில் அழுவான், என்னைப் பிடிக்காத அழுகை என்று நினைத்திருந்தேன், நாங்களும் அவசரமாக வரேன் வரேன் என்று கையசைத்து வைத்துவிடுவோம். அன்றைக்கு நான் "மேஸ்திரி, தாத்தா இப்ப கடைக்குப் போறேன், இன்னைக்கு மறுபடி வர மாட்டேன், அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு போன்ல வரேன்" என்றேன். அவன் கை நின்றது. "நாலு மணிக்கா, நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கா?" என்று கேட்டான். நாலு மணிக்கு என்றேன். "சரி, போ" என்று சொல்லிவிட்டு அவனே சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். அழவில்லை. நான்தான் அழுதேன், உன் அம்மா தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் கழித்து நீ கூப்பிட்டு, என்னப்பா சொன்னீங்க அவன்கிட்ட என்று கேட்டபோது உன் குரலும் சரியாக இல்லை. அதன்பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் தவறவில்லை நான்.

இனி ஏற்பாடுகளைக் கேள். அறைகள் ஐந்தாவது தளத்தில், வராந்தாவின் கோடியில், ஒன்றுக்குள் ஒன்று கதவு திறக்கிற மாதிரி. லிப்டில் டிங் என்று அடிக்கிற மணி அவனுக்கு ஆகாது, அத்தைக்கோ லிப்ட் பக்கத்தில் அறை வேண்டும் என்று முதலில் கேட்டிருந்தோம், அவளே "நடக்கத்தானே டாக்டரும் சொன்னாரு" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். கப்பல் புறப்படுவதற்கு முன் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டு ஒத்திகை பார்க்க வேண்டுமாம், பெரிய சங்கு ஊதுவார்களாம். நமக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாலேயே தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சங்கு ஊதுகிற நிமிடத்தையும் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், காதை மூடுகிற அந்த மப்ளர் மாதிரிச் சாமானை மறக்காமல் எடுத்து வா. மெத்தைக் கடையில் ஸ்பாஞ்சு வாங்கி, ஆரஞ்சுத் துணியில் அதே மாதிரி ஒரு ஜாக்கெட் தைத்திருக்கிறேன், லேபிள் இல்லை, உறுத்தாதபடி தையலெல்லாம் வெளிப்பக்கம், மூன்று தடவை துவைத்து மெத்தென்று ஆக்கிவிட்டேன். வீட்டிலேயே போட்டுப் பழகட்டும். சோறும் உருளைக்கிழங்கும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு தட்டில் வரும், ஆறு மணிப் பந்தியில் மூலை மேஜை. எந்த ஊரிலாவது அவன் இறங்க மாட்டேன் என்றால் முறை வைத்து ஒருவர் அவனோடு இருப்போம். முதல் முறையைத் தம்பி பெண்டாட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள், எனக்கு வெயில் ஆகாது மாமா என்று ஒரு பொய்யும் சொன்னாள், நல்ல பெண். இரண்டு சாயங்காலம் நீயும் மாப்பிள்ளையும் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும் வேலை கப்பலில் நடக்காது, வாக்குவாதம் பண்ணாதே.

அந்தப் படிவத்தைப் படித்ததில் என் பாரம் பாதிதான் இறங்கியது. அந்தப் பெரிய கடையில் அன்றைக்கு நான் சொன்னது சொன்னதுதான். உன்னையும் குற்றம் சொன்னேன், அவனையும் அடிக்கச் சொன்னேன், இரண்டும் தப்பு. இத்தனை நாள் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, என்னை மன்னித்துவிடு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் குறை இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அத்தையும் இதையே சொல்லச் சொன்னார்கள். ஜாக்கெட் பார்சல் வந்ததும் அக்குளில் பிடிக்கிறதா என்று பார்த்து மார்பு அளவைச் சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. இன்னொன்று, நடுக்கப்பலில் அவன் கத்திவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே என்று நீ நினைப்பாய். ஏறட்டும், நாம் எல்லோரும் ஏறும்போது அது மட்டும் கரையில் நின்று என்ன செய்யப்போகிறது. ஒன்பது வருடமாகக் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டாரிடம், பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம், கடைசியில் பெற்ற தகப்பனிடமும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறாய். அந்த ஐந்து நாளும் யார் திரும்பிப் பார்த்தாலும் நீ வாயைத் திறக்காதே, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள். எழுந்து போய், அவன் என் பேரன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா