பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்கா அவ்வளவு நேரம் நாக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?" என்றாள். எழுதும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறதாம். லாரி ஓட்டிய காலமெல்லாம் அது உள்ளேதான் இருந்தது. எழுத்து வந்ததும் அதற்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்திருக்கிறது.

முக்கியமான செய்தியை இன்னும் எழுதவில்லை. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். மொத்தமாக இல்லை. ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கி, வீட்டில் வைத்து நானே மாட்டப் போகிறேன். நூலக மாடியில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்து கை நமநமவென்று இருக்கிறது. லாரியின் கியர் பெட்டியையே இறக்கி ஏற்றியவனுக்கு இது எம்மாத்திரம்?

மார்ச் 6, வெள்ளி

மகள் வந்தாள். சொன்னேன். "எதுக்குப்பா வீண் வேலை? உங்களுக்கு எது சரிப்படும்னு நானே பாத்து வாங்கித் தர்றேன்" என்றாள்.

அதுதானே என் குறையே. என் மூக்குக்கண்ணாடி அவள் பார்த்து வாங்கியது. சட்டைகள் மனைவி பார்த்து வாங்கியவை. போன் மாப்பிள்ளை பார்த்து வாங்கியது. அது வயதானவர்களுக்கென்றே செய்த போன். முதுகில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். போன மாதம் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். மகளும் மாப்பிள்ளையும் எதிர்வீட்டு நர்ஸும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். நான் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

பெட்டிமேல் இருப்பதைப் படித்து, யோசித்து, "இது வேண்டும், அது வேண்டாம்" என்று நானாகச் சொல்லி வாங்கிய பொருள் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இனிமேலும் இல்லை என்றால் எதற்குப் படித்தேன்?

இதை அவளிடம் இப்படியே சொன்னேன். பிறகு இறங்கி வந்தாள். "சரி. கடையில ஒரு வாரத்துக்குள்ள கொண்டுபோனா திருப்பி எடுத்துப்பாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னைக்கு அது ஓடணும். ஓடலைன்னா எல்லாத்தையும் கட்டிக் கொடுத்துட்டு நான் சொல்றதை வாங்கிக்கணும். அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். முணுமுணுக்கக் கூடாது என்பதுதான் கொஞ்சம் கடுமை.

மார்ச் 9, திங்கள்

கடைக்குப் போனோம். நான் மட்டும் போவதாக இருந்தது. "எங்க வைக்கிறதுன்னு நான்தானே பாக்கணும்" என்று மனைவியும் கிளம்பிவிட்டாள்.

பெட்டிகளில் முக்கால்வாசி இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது தமிழும் எண்களும். கடையில் இருந்த பெண் ரொம்பப் பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுப் படித்தாள், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். நான் "மதர்போர்டு" எழுதி நிமிர்வதற்குள் அவள் வேறு இரண்டு பேருக்கு வியாபாரம் செய்து அனுப்பிவிட்டாள்.

மதர்போர்டு என்றால் சேஸி. எல்லாம் அதன்மேல்தான் ஏறும். இது உடனே புரிந்தது. பிராசசர் என்றால் இஞ்சின்.

"இது எவ்வளவு லோடு இழுக்கும்மா?"

"என்ன லோடு ஏத்தப் போறீங்க ஐயா?"

"எழுதணும். நான் வண்டி ஓட்டுன ரோடெல்லாம் மேலேயிருந்து பாக்கணும். சீட்டு ஆடணும்."

"அப்ப இந்தச் சின்னதே போதும்."

"ஏத்தத்துல திணறாதே?"

"திணறாது ஐயா. பாதி வழிக்குக் காலியாத்தான் போகும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது.

அடுத்து ரேம். "அது மேசை மாதிரி ஐயா. பெரிசா இருந்தா ஒரே நேரத்துல நிறையப் பரப்பி வச்சுக்கலாம்" என்றாள். மனைவி குறுக்கே புகுந்து, "இவருக்குப் பரப்பச் சொல்லியா தரணும்? சின்னதாவே குடும்மா" என்றாள்.

எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கேபினட்டில்தான் சண்டை. எனக்குப் பிடித்ததற்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்னால் மூன்று விசிறிகள். சுற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரியும். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிறது எதுக்கு வெளிய தெரியணும்? நம்ம வயித்துக்கு யாராவது கண்ணாடி போட்டு வச்சிருக்காங்களா?"

கடைப் பெண் என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

"போட்டிருந்தா டாக்டருக்குச் சுலபம்" என்றேன்.

கடைப் பெண் சிரித்துவிட்டாள். மனைவியும் சிரிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடிப் பெட்டி என்னுடையது.

மார்ச் 10, செவ்வாய்

கீபோர்டுக்காக மறுபடியும் கடை. தட்டினால் சத்தம் வருவது, வராதது என்று இரண்டு சாதி. சத்தம் வராததைத் தட்டினால் வேலை செய்தோமா என்று நமக்கே சந்தேகம் வருகிறது. சத்தம் வருவதை வாங்கினேன். தமிழ் எழுத்துகள் ஒட்டியது. "தகரக் கூரையில மழை பெய்யுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

மாட்ட ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசை எனக்கு. மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

இஞ்சின்மேல் ஒரு பசை வைக்க வேண்டும். சூட்டை இழுக்குமாம். பட்டாணி அளவு போதும் என்று கடைப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் அச்சுக்கு கிரீஸ் வைத்துப் பழகிய கை இது. கிரீஸ் வழிந்தால்தான் வைத்ததாக அர்த்தம். பிதுக்கிவிட்டேன். நாலாபக்கமும் வழிந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "யாரு இதும்மேல பல்லு விளக்குனது?" என்றாள். துணியால் துடைத்து, குழாயில் ஒட்டிக்கொண்டிருந்ததை வைத்துச் சமாளித்தேன். என் கொள்ளுப் பேரன் பட்டாணிகூட அதைவிடப் பெரிதாகத்தான் தின்பான்.

முடித்த பிறகு திருகாணிகள் மிஞ்சின. லாரியில் மிஞ்சினால் ஊர் போய்ச் சேரமாட்டோம். பயந்துபோய்க் கடைக்கு போன் போட்டேன். "மிஞ்சத்தான் செய்யும் ஐயா, கூடுதலாத்தான் குடுப்பாங்க" என்றாள். இப்படியும் தொழில் செய்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

ஓடியது.

மறுபடியும் எழுதுகிறேன். ஓடியது. பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, சிவப்பு, பச்சை, நீலம், திரையில் வெளிச்சம். கடையிலேயே எல்லாவற்றையும் தமிழில் போட்டுக் கொடுத்திருந்ததால் திரையில் வந்ததைப் படித்தேன். "வணக்கம்" என்று இருந்தது. நானும் சொன்னேன். மனைவி விளக்கை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றாள். அது திட்டு இல்லை. குரல் எனக்குத் தெரியாதா?

ரொம்ப நேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு முறையாக அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மார்ச் 14, சனி

ஓடவில்லை.

பொத்தானை அமுக்குகிறேன், அமுக்குகிறேன். ஒரு பச்சையும் இல்லை, ஒரு நீலமும் இல்லை. நேத்து நல்லாத்தானே இருந்த? உனக்கு நான் என்ன குறை வச்சேன்? — எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். ரேமை எடுத்து ஊதினேன். மறுபடி மாட்டினேன். பசை போதவில்லையோ? திருகாணி மிஞ்சினது தப்புதானோ? கடை மதியத்தோடு மூடிவிட்டது. அங்கே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

நாளைக்கு மகள் வருவாள். ஏன்யா, உனக்கு இதெல்லாம் தேவையா?

மனைவி கிண்டல் செய்யவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நான் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாப்பிள்ளை கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிருக்கும் மாமா" என்றார். டாக்டர் கையை விரிக்கும் குரல். மகள் திட்டவில்லை. "பரவாயில்லப்பா, இவ்வளவு தூரம் செஞ்சதே பெரிசு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. காலி அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்தாள். கீபோர்டை நானே கொடுத்தேன். முணுமுணுக்கவில்லை.

அப்போது மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்: "ஏங்க, முந்தாநாள் அணைச்சுட்டு எந்திரிச்சப்ப, பின்னாடி கைய விட்டு எதையோ தட்டுனீங்களே, அது என்ன?"

"நான் எங்க தட்டினேன்?"

"தட்டுனீங்க. நான் பாத்தேன். வண்டிய நிறுத்திட்டு இறங்குறப்ப சீட்டுக்கடியில தட்டுவீங்களே, அதே மாதிரி."

லாரியில் அங்கே பேட்டரிக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். வண்டியை நிறுத்தினால் அதை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லையென்றால் காலையில் பேட்டரி செத்திருக்கும். கம்ப்யூட்டரின் பின்னாலும் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. என்னைக் கேட்காமலேயே என் கை அதை அணைத்திருக்கிறது.

கையை விட்டேன். டக். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு, பச்சை, நீலம்.

மகள் கையில் அட்டைப்பெட்டியோடு நின்றாள். "ஞாயித்துக்கிழமை இன்னும் முடியலையே" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாப்பிள்ளை விசிறியின் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

நான் ஓட்டிய மலைப்பாதையைத் திரையில் பார்த்தேன். ரோட்டோரத்தைக்கூடப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் வண்டியை ஓரம் கட்டித் தூங்கும் இடம் வந்தது. அங்கே ஒரு மஞ்சள் பலகை உண்டு. "களைப்பாறும் இடம்" என்று எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன், மற்ற டிரைவர்களுக்கும் சொல்லியிருந்தேன். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பாறை உருளும் இடம். நிற்காதீர்."

அங்கே அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன். இன்று மதியம்தான் தூக்கம் வரவில்லை.

மார்ச் 18, புதன்

மனைவி கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுகிறாள். எனக்கு இடம் இல்லை. பென்சிலில் எழுதுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

மகள் போன் செய்தாள். ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறாளாம். "நீங்களும் வாங்கப்பா. இவரு முதல்ல கண்ணுல படுறதையே போதும்னுடுவாரு. நீங்க நின்னு படிச்சுப் பாத்து, எது நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

எனக்கு வேலை இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவசரப்படாமல்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுத்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைப் போட்டிருந்தேன். கடைக்குப் போவது சனிக்கிழமை.