ரோலில் மிச்சம் ஐந்து

ஜூன் 9, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. வழக்கம்போல உதயகுமார் வீட்டு மாடியில் நாலு பேர். அகல ஃபிலிம் போடுகிற மீடியம் ஃபார்மட் கேமராவோடு அலைகிறவர்கள் எனக்குத் தெரிந்து ஊரில் இவ்வளவுதான். கீழே தறி ஓடுகிறது, மேலே லைட் பாக்ஸில் நெகட்டிவ். சேலையில் இழை எண்ணும் பூதக்கண்ணாடியைத்தான் உதயகுமார் நெகட்டிவுக்கும் வைப்பான். சீனிவாசன் எடுத்த குளத்துப் படிகளில் ஈரக் கால்தடம்கூடத் தெரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன்.

காயத்ரி கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறவள். ஃபிலிமில் மருந்தைப் பிடித்துவைப்பது ஜெலட்டின், மாட்டெலும்பைக் காய்ச்சி எடுப்பது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். மற்றவர்கள் அடுத்த நெகட்டிவுக்குப் போய்விட்டார்கள். நான் கையிலிருந்த நெகட்டிவைக் கீழே வைத்தேன்.

ஜூன் 10

ஜைன வீட்டு ஃப்ரிட்ஜ். மண்ணுக்கடியில் விளைகிற உருளைக்கிழங்குகூட நுழையாது. அதில் தயிருக்குப் பக்கத்தில் நாலு வருஷமாக ஃபிலிம் ரோல். கெட்டுப்போகக் கூடாதென்று நானே வைத்தது. இப்போது மூன்று இருக்கிறது.

அப்பாவிடம் சொல்ல வேண்டுமா? காஞ்சிபுரத்துப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பட்டில் புழு சாகும் என்று என் கல்யாணத்துக்கு நூல் புடவை எடுத்த மனுஷர். சொன்னால் கேமரா போச்சு. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியும்.

ஜூன் 12

ரோல்களை பீரோவுக்கு மாற்றினேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். இரண்டு தரம்.

ஜூன் 15

அப்பா தயிர் கேட்டார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

தயிர் வேண்டாம் என்றார்.

ஜூன் 18

மூன்று நாளாக அப்பாவிடமிருந்து பேச்சில்லை. ஃப்ரிட்ஜில் வைத்த எதையும் தொடுவதில்லை. உதயகுமாருக்குப் போன் போட்டேன். “புழுவக் கொன்ன நூல்லதான் எங்க சோறே இருக்குது. என்கிட்ட வந்து கேக்குறியேக்கா,” என்றான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ச்சே, அப்பாகிட்ட வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்.

ஜூன் 20

காலையில் அப்பாவே கேமராவை எடுத்துவந்து, உள்ளே இருக்கும் ரோலில் இன்னும் எத்தனை படம் என்று கேட்டார். பன்னிரண்டில் ஏழு எடுத்தாச்சு, மிச்சம் ஐந்து என்றேன்.

“எடுத்து முடி இந்திரா. செத்தத வீணாக்கக் கூடாது. புதுசு வாங்காத.”

பீரோவில் இருக்கும் மூன்றும் உதயகுமாருக்கு என்றேன். தலையாட்டினார். சாப்பாட்டில் இன்னும் தயிர் இல்லை.

ஜூன் 29

நாலு எடுத்தாச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் யோசித்தேன். கடைசிக்கு அப்பாவை உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். என்னை நிற்கச் சொல்லிவிட்டு, கேமராவை வாங்கி வயிற்றோடு வைத்துக் குனிந்தார். மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது, அதன் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். நான் ஒரு பக்கம் இருக்க, அவர் இன்னொரு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நீங்க தொட வேணாம்பா.”

“தெரிஞ்சேதான் அமுத்துறேன். பாவத்துல பாதி என்னுது.”

அமுக்கினார்.

ஜூலை 14, ஞாயிறு

சென்னையிலிருந்து கழுவி வந்த ரோலை லைட் பாக்ஸில் வைத்தோம். பன்னிரண்டாவதில் ஃபோகஸ் இல்லை, என் தலையில் பாதி இல்லை. உதயகுமார் பூதக்கண்ணாடியை அதிலிருந்து நகர்த்தவே இல்லை. எதைப் பிரிண்ட் போடலாம் என்று சீனிவாசன் கேட்டான். பிரிண்ட் காகிதத்திலும் ஜெலட்டின்தான் என்றாள் காயத்ரி. வேண்டாம் என்றேன். கேமராவை அங்கேயே விட்டுவிட்டேன். இனி இவர்கள் எடுத்ததைப் பார்க்க வரலாம்.

வீட்டில் அப்பா பன்னிரண்டாவது நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலை எங்கே என்று கேட்டார். நீங்கள்தான் வெட்டிவிட்டீர்கள் என்றேன்.

சாப்பிடும்போது தயிர் கேட்டார்.