நாற்பதாவது பேக்கேஜ்

22-11-99, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடை லேபிலேயே. எட்டு பழைய கணினிகள் வெள்ளிக்கிழமை ஹனூர் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு. சின்ன டிஸ்க். மெனுவும் படங்களுமாக லினக்ஸ் டெஸ்க்டாப் வரக் குறைந்தது எத்தனை மென்பொருள் பேக்கேஜ் வேண்டும், கண்டுபிடிக்க வேண்டியது நான். அங்கே நெட் கிடையாது. ஒன்று விட்டுப்போனால் போட ஆளும் கிடையாது.
வழி ஒன்றுதான். டிஸ்க்கை முழுக்க அழி, திரும்பப் போடு, ஒரு பேக்கேஜை விடு, டெஸ்க்டாப்பைக் கிளப்பும் சர்வீஸ் எழுகிறதா பார். திரும்ப அழி. மூன்றாவது வாரம்.
வாங்க: காபிப்பொடி, ஃப்ளாப்பி ஒரு பெட்டி, இவருக்கு பிளேடு.

24, புதன்
நாற்பது. அதற்குக் கீழே இறங்கவில்லை. சவுண்டு லைப்ரரியை எடுத்தால் சர்வீஸ் எழவில்லை, வெறும் சாம்பல் திரைதான். இரண்டு தடவை பார்த்தேன்.
ஹெச்.ஓ.டி.: "ஸ்பீக்கரே இல்லாத மெஷினுக்கு சவுண்டு எதுக்கு மேடம்? நாற்பதுக்குக் கீழேன்னு மேலே எழுதிட்டேனே."
எழுதிவிட்டுத்தான் கேட்கிறார்.

25, வியாழன்
சதீஷ், ஜூனில் சேர்ந்த லெக்சரர், தன் மெஷினில் சவுண்டு லைப்ரரியை நீக்கிக் காட்டினான். டெஸ்க்டாப் அழகாக வந்தது. "முப்பத்தொன்பது. சும்னே பயப்படறீங்க மேடம்." கன்னடத்துச் சும்மா.
போன மாதம் அவனே போட்ட இன்னொரு பிரதி வேறு டைரக்டரியில் கிடக்கிறது. சர்வீஸ் அதை எடுத்துக்கொள்கிறது. சொன்னேன். டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுக் காட்டு என்றேன்.
"அழிச்சா என் ப்ராஜெக்ட் போயிடுமே."
ஹெச்.ஓ.டி. சிரித்தார். எனக்குக் குரலை உயர்த்த வராது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் வரவில்லை.
இவர், சாப்பிடும்போது: "ஒண்ணுதானே, விட்டுக்கொடேன்." ரசத்தில் உப்பில்லை. அதை இவர் விட்டுக்கொடுக்கவில்லை.

26, வெள்ளி
வெயில். எட்டிலும் முப்பத்தொன்பது போட்டாயிற்று. ஒன்றைக்கூடக் கிளப்பிப் பார்க்கவில்லை. நேரமில்லையாம். வாசலில் ஜீப். படிவத்தில் 'பரிசோதித்தவர்' என்று என் பெயர், டைப் அடித்தே இருந்தது.
ஹெச்.ஓ.டி.: "சீனியர் கையெழுத்துன்னா ஒரு மதிப்பு மேடம்."
போட்டேன். ஏன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

30, செவ்வாய்
பள்ளியிலிருந்து போன். கணக்கு வாத்தியார், அந்தப் பக்கத்துத் தமிழர். படிவத்தில் என் பெயரைப் பார்த்தாராம்.
"ஏனுங் மேடம், எட்டும் ஓடுதுங்க. ஒரு குறையுமில்லீங்க."
"திரையில என்ன தெரியுது?"
"சாம்பக் கலருங்க. நடுவுல பெருக்கல் குறி ஒண்ணு."
"மெனு, படம் ஏதாவது?"
"அதெல்லாம் இல்லீங்க. மௌஸை நவுத்துனா அந்தக் குறியும் நவுருதுங்க. புள்ளைங்க வரிசையில நின்னு ஆளுக்கு ரெண்டு நிமிசம் நவுத்துதுங்க. சனிக்கிழமை மத்தியானமும் வூட்டுக்குப் போவ மாட்டேங்குதுங்க. இதுக்கு அடுத்து என்னங் மேடம் சொல்லிக் குடுக்கறது?"