குடையில் உங்கள் பாதி

காலையில் எண்ணெய்க் காகிதக் குடையை விரித்தேன். சிகாமட் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, சீனர் கடையில் நீங்கள் ஆசையாக வாங்கிய அதே குடைதான். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளியே மழை கொட்டுகிறது. உங்களுக்கு ஆகாத மழை.

உங்களைக் கட்டிக்கொள்ள எனக்குத் துளியும் இஷ்டமில்லை. வானத்திலிருந்து உங்கள் கப்பல் எங்கள் தோட்டத்தில் இறங்கிய நாள் முதல் சண்டைதான். உங்கள் உலகத்துக்கு ரப்பர்ப் பால் வேண்டும். எங்களுக்கோ பிழைப்பே அந்தப் பால்தான், விடுவோமா? இரண்டு பக்கமும் பிணம் விழுந்த பிறகு, பெண் கொடுத்துச் சமாதானம் என்று முடிவாயிற்று. கங்காணி மகளாகப் பிறந்தேனே, அப்பா என்னைக் கொடுத்தார்.

"ஒரே குடும்பமா ஆயிட்டா அடிச்சிக்க மாட்டாங்கம்மா," என்றார்.

என்னை யார் கேட்டார்கள்? உங்களையும் யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் மழைக்கே மேசைக்கடியில் புகுந்துகொண்டீர்கள். "அலமாக்! ஆம்பளையா இவரு?" என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கூரை ஒழுகி ஒரு சொட்டு, மேசைக்கு வெளியே நீட்டியிருந்த உங்கள் முழங்கையில் விழ, கொதிநீர் பட்டதுபோல் தோல் உரிந்தது. மழையே அறியாத உலகத்துத் தோல். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முறத்தை எடுத்து, சொட்டு உங்கள்மேல் படாமல் பிடித்தபடி, மழை விடும்வரை நானும் மேசையருகே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சம்பளத்தில் இந்தக் குடையோடு வந்தீர்கள். "பெருசா கேட்டேன், ரெண்டு பேருக்கு," என்றீர்கள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கற்ற தமிழில். அந்தக் குடைக்குள்தான் எனக்கு உங்கள்மேல் ஆசை வந்தது. ஒப்பந்தமாவது மண்ணாவது!

பால் ஏற்றிப்போக வருஷாவருஷம் கப்பல் வரும். ஒரு வருஷம் அதில் வந்த உங்கள் கூட்டத்துப் பெரியவர், "இந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டான்," என்றார். உங்கள் காலைப் பிடித்து அழுதேன்.

"போயிடுங்க. எங்கியாவது உசிரோட இருங்க, எனக்கு அது போதும்."

"நான் கப்பல் ஏறுனா கல்யாணம் முறிஞ்சிரும், புள்ள. இங்கயே செத்தா முறியாது. எங்க வழக்கத்துல, ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்கிற வரைக்கும் கல்யாணம் இருக்கும்."

"கல்யாணம் முறிஞ்சா சண்டை வந்துடும்னுதான் சாகப் போறீங்களா?"

"சண்டை கெடக்குது. முறிஞ்சிட்டா நீ எனக்கு யாரு?"

அடுத்த அடைமழையிலேயே கண்ணை மூடிவிட்டீர்கள். "ஒப்பந்தத்தைக் காப்பாத்திட்டாரு மாப்பிள்ளை," என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். எனக்கல்லவா தெரியும், நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள் என்று.

இப்போதும் கப்பல் வருகிறது. பெரியவர் என் வாசலுக்கு வந்து, நான் உயிரோடிருப்பதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் ஏற்றச் சொல்கிறார். நான் இரண்டு தரம் இருமினால் போதும், லயமே கஷாயத்தோடு ஓடிவருகிறது. சாகக்கூட எனக்கு உரிமையில்லை, போங்கள்! ஆனாலும் இவர்களுக்காகவா நான் கஷாயம் குடிக்கிறேன்? நான் இருக்கும்வரைதானே நீங்கள் என் புருஷன்.

இன்று கடைக்குப் போகையில் பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்: "என்னக்கா, இம்மாம் பெரிய குடை இருந்தும் ஒரு தோளு நனையுதே?"

நனையட்டும். குடையை நான் எப்போதும் உங்கள் பக்கம் சாய்த்துத்தான் பிடிக்கிறேன்.