மருத மர வேரடியில்

பாளையங்கோட்டை,
பிப்ரவரி 11.

அன்புள்ள குருபிரசாத்துக்கு,

ஹெப்ரான் எழுதுகிறேன். நானும் என் மனைவி ரீபாவும் சுகம். புனேயில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சி போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டுவலி தேவலையாம்.

பொங்கலுக்கு நீ வந்தபோது என்னைக் கூப்பிடுவாய் என்று துடுப்பைத் துடைத்து வைத்திருந்தேன். ஆறு வருடம் ஒரே படகில் இந்த ஆற்றைச் சுற்றியவர்கள் நாம். நீயோ ஆபீஸ் நண்பர் சுந்தர்ராமனோடு இறங்கிவிட்டு, நடு ஆற்றிலிருந்து போன் போட்டாய். "ஏலே, நீர்நாய் பொந்து இப்ப எங்கன இருக்கு? சாருக்குக் காட்டணும்லே" என்றாய். பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

"வெள்ளத்துல எல்லாம் போச்சுலே, இந்த வருசம் ஒண்ணும் இல்ல" என்றேன். பொய். பொந்து எங்கே என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் படகிலும் கரையோரமும் அலைந்து, எச்சம்கூடக் கண்ணில் படவில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதினாய். அன்று நான் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மறுவாரம் தனியாகப் போனேன். எதிர்க்கரையில், மருத மர வேருக்கடியில் தாயும் மூன்று குட்டிகளும். தாய், கெளுத்தி மீன் ஒன்றைக் கடித்துக் கொடுக்க, குட்டிகள் அதற்குச் சண்டை போட்டன. "லே, அங்கன பாரு!" என்று கத்திவிட்டேன். படகில் யாருமில்லை. சத்தம் கேட்டு நான்கும் முங்கிவிட்டன.

நீயும் சுந்தர்ராமனும் வேடிக்கை பார்க்க வந்ததாகவே நினைத்திருந்தேன். ஆற்றங்கரை நடைபாதைத் திட்டத்துக்காக நீர்நாய்களைக் கணக்கெடுக்க வந்தீர்கள் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. அந்த மருத மரக் கரையில் நீர்நாய் இல்லை என்று இந்த மாதக் கடைசியில் அறிக்கை போகிறதாம். போனால் மரங்களை வெட்டி, கரையில் சிமெண்ட் பூசிவிடுவார்கள்.

ரீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க பொறாமைக்கு அந்தக் குட்டிங்க என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

எடுத்த படங்களையும், இடத்தைக் குறித்த வரைபடத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அறிக்கையைத் திருத்திவிடு, குரு. பொய் சொன்னது நான்தான் என்று சுந்தர்ராமனிடமும் சொல். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வந்து நேரில் திட்டு. தனியாக வந்தால் நல்லது. அவரோடு வந்தாலும், வா.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஹெப்ரான்