இடிமகளின் மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கதாநாயகி இடிமகளின் படத்துக்கு நிழல் போட உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் போடுவது என்றே தெரியவில்லை. பெரியவர் பென்சிலில் வரைந்து தருவார், நான் மேலே மை தீட்டுவேன். ஆறு வருஷமாக இந்தக் காமிக்ஸ் ஆபீஸில் இதுதான் என் வேலை. வில்லன் மேல் பாய்கிற இந்தப் படத்தில் அவள் நெஞ்சும் நம்மைப் பார்க்கிறது, பின்பக்கமும் நம்மைப் பார்க்கிறது. நடுவில் இடுப்பு என்ன ஆனது? ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்தால்தான் உண்டு.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் அப்படியே நின்று பார்த்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, எதையாவது தொலைச்சிட்டியா?"

மார்ச் 5, புதன்

கழுத்து திரும்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

பழைய இதழ்களை இழுத்துப் போட்டுப் புரட்டினேன். நம் ஆண் நாயகன் அடி வாங்கினால் மூக்கு உடைகிறது, உதடு கிழிகிறது. இடிமகள் அடி வாங்கினால் உடுப்பு கிழிகிறது. முகத்தில் ஒரு கீறல்? ம்ஹும். கட்டடமே தலையில் விழுந்த இதழில்கூட உதட்டுச் சாயம் கலையவில்லை. எல்லாம் நானே மை தீட்டிய பக்கங்கள். எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை?

இன்னொன்று – இவள் வீட்டுச் சாவியை எங்கே வைப்பாள்?

மார்ச் 7, வெள்ளி

பெரியவரிடம் கேட்டேவிட்டேன். "அவ என்ன சாதாரணப் பொண்ணாம்மா? அவ உடம்பு வளையும்," என்றார். "நீங்க கொஞ்சம் நின்னு காட்டுங்கண்ணே, நிழலை மட்டும் பாத்துக்கிறேன்," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்தார், கையை நீட்டினார், இடுப்பைத் திருப்பினார். கடக்கென்று ஒரு சத்தம். அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினோம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாவம்.

மார்ச் 10, திங்கள்

பெரியவர் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதழின் ஆசிரியர் என் மேஜை பக்கம் வந்து நின்றார். "இந்த மாசம் எட்டுப் பக்கம். நீயே வரைஞ்சிடு. நல்லா வந்தா இனிமே இடிமகள் கதை உனக்குத்தான்."

எனக்கா? ஆறு வருஷமாக வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருந்தது இது.

மார்ச் 12, புதன்

மூன்றாம் பக்கத்தில் இடிமகள் முகத்தில் குத்து விழுகிறது. பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு அக்காவுக்கு மூக்கு உடைந்தது ஞாபகம் வந்தது. எப்படிக்கா இருந்துச்சு என்று கேட்டேன்.

"வலி அப்புறம்தான். மொதல்ல கண்ணு ரெண்டும் கொட்டிச்சு. நான் அழல, அதுவா கொட்டிச்சு. கோவம் வேற. பிளாஸ்திரியோடதானே அந்த வருஷப் பரீட்சையே எழுதினேன், மறந்துட்டியா?"

அப்படியே வரைந்தேன். அவள் முடியை இறுக்கிக் கட்டினேன். காலைத் தரையில் ஊன்றவைத்தேன். மூக்கில் ரத்தம், கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் கோபம். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஆசிரியர் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "மூக்குல ரத்தமா? இந்த மூஞ்சிய யாரு வாங்குவா? அழிச்சிடு."

"நம்ம நாயகனுக்கு மாசாமாசம் உடையுதே சார்."

"அவன் கதை வேற."

என்ன வேற? அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். "சரி, பெரியவருக்கு அனுப்பறேன், படுத்துக்கிட்டே திருத்தட்டும். நீ பழையபடி மையே தீட்டு," என்றார்.

மையே தீட்டு. போச்சு. தேடி வந்ததை நானே கெடுத்துக்கிட்டேனா? ஒரு மூக்குக்காகவா?

மார்ச் 15, சனி

அழிச்சிருக்கலாம். ரெண்டு நிமிஷ ரப்பர் வேலை.

இல்ல, அழிச்சிருக்க மாட்டேன்.

மார்ச் 19, புதன்

பக்கங்கள் திரும்பி வந்தன. "இப்படியே போகட்டும்ங்கிறார் பெரியவர். என்னமோ பண்ணுங்க," என்று ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அடியில் இன்னும் படம் வரையாத அடுத்த மாதக் கதையும் இருந்தது, எனக்கென்று.

மூன்றாம் பக்கத்தில் ரத்தம் அப்படியே இருக்கிறது. பெரியவர் தொடவே இல்லை. நாலாம் பக்கத்தைத் திருப்பினால், இடிமகளின் மூக்கில் ஒரு பிளாஸ்திரி! பெரியவருடைய மெல்லிய பென்சில் கோடு. ஐந்தாம் பக்கத்திலும். கடைசிப் பக்கம் வரைக்கும்.

அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் பக்கத்தில் மூக்கை உடைத்த நானே, நாலாம் பக்கத்தில் முகத்தைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவைத்திருக்கிறேன். அந்த உடைந்த மூக்குக்காகத்தான் ஆசிரியரிடம் அவ்வளவு வாதாடினேன். கை பாட்டுக்குப் பழைய வேலையைப் பார்த்திருக்கிறது.

ஓரத்தில் பெரியவர் கிறுக்கியிருந்தார்: "ஒரே பக்கத்துல மூக்கு ஆறாதும்மா. எனக்கு இன்னும் முதுகே ஆறல."

மை வேலையை முடித்துவிட்டு அடுத்த மாதக் கதையை எடுத்தேன். முதல் கட்டத்தில் முதலில் வரைந்தது பிளாஸ்திரி. அப்புறம்தான் முகம்.