மலைக்கு வேண்டாத தாடி

இன்று காலை பித்தளைச் செம்பை மருமகள் மேல் எறிந்துவிட்டேன். நெற்றி கிழிந்து, புருவத்தின் வழியாக இரத்தம் வழிந்தது. காபி ஆறியிருந்தது, அவ்வளவுதான் காரணம். நண்பா, அலுவலகத்தில் எழுதுகோல் கீழே விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்பவன் என்று என்னைக் கேலி செய்வாயே, அவன் கைதான் எறிந்தது. செம்பை எடுத்துக் கழுவும்போது அதன் வயிற்றில் என் முகம் தெரிந்தது. ஐந்து வாரத் தாடி. உன் முகம் போலவே இருந்தது.

எல்லை பிரித்த காலத்தில் நாம் இருவரும் புத்தூரில் நில அளவைக் குமாஸ்தாக்கள். எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எது சென்னைப் பக்கம் போகும் என்ற கலவரத்தில், அளவுச் சங்கிலியோடு நாம் இறங்கிய இடமெல்லாம் கல் பறந்தது. நகரியில் ஒரு கல் உன் காதைப் பிளந்தது. நீ இரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை.

பிறகு தாடி வளர்ந்தது. வெறுந்தரையில் படுத்தாய். ஒரு வேளை உண்டாய், அதிலும் பாதி. நம் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: திருமலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான், முடி இறக்கும்வரை கத்தி படாது. டீக்கடைக்காரர் உன்னைக் கண்டால் எழுந்து நின்றார். உன் மனைவி தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நாராயணவனம் போகும் வழியில், உச்சி வெயிலில், வண்டி மாடு ஒன்று படுத்துவிட்டது. நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியால் அதை அடித்தாய். தோல் பிய்ந்தது, ஒரு கண் போயிற்று. வண்டிக்காரன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான், அப்போதும் நீ நிறுத்தவில்லை. தடுக்க வந்த என் வாயில் சங்கிலி விழுந்து முன்பற்கள் இரண்டு தெறித்தன. அதன் பிறகே மண்ணில் உட்கார்ந்தாய்.

"மொக்கும் இல்ல, வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. சவரக் கத்திய எடுக்கக் கை எழும்பல. துன்னா மண்ணு மாதிரி கீது. எதையாவது அடிச்சாத்தான் உசுரோட கீறது தெரியுது."

"மலைக்குப் போய் முடிய எறக்கிட்டு வந்துடுப்பா, எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். நீ சொன்னது காதில் விழுந்தது. விழாதது போல இருப்பது எனக்கு எளிதாக இருந்தது. மாடு மிரண்டு முட்டி என் பல் போயிற்று என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், ஒரு பிழையும் இல்லாமல்.

பத்தாம் நாள் உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். வேண்டுதலைத் தள்ளிப்போட்ட குற்றம் என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள், வீங்கிய வாயோடு சும்மா நின்றேன்.

இப்போது தெருவில் "மலைக்கு மொக்கா, பெரியவரே?" என்று கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன். செய்தித்தாள்கள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. சோறு மண்ணாக இருக்கிறது. வயதுக் கோளாறோ, உனக்கு வந்ததேதானோ, நிச்சயமாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. செம்பு பறந்தது மட்டும் நிச்சயம்.

மருமகளுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த மகன், என்னைப் பார்க்காமலே கேட்டான்: "மொக்கு தீந்தா கோவமும் தீந்துடும், இல்ல நைனா?"

"மொக்கு இல்லடா" என்றேன். "கை எழும்பல."

நான் பல் கட்டிக்கொள்ளவே இல்லை. நீ உடைத்த அந்தச் சந்து வழியாகத்தான் உன் சொல் இத்தனை வருஷம் கழித்து வெளியே வந்தது.

நாளை மகனோடு திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறேன். மலை ஏறப்போவதில்லை, கீழேயே ஒரு மனநல மருத்துவர் இருக்கிறாராம். மழித்துக்கொண்டு போகலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன். அவர் இந்தத் தாடியைப் பார்க்க வேண்டும்.